உலைக்கு முன்னால் நிற்பவர்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னை, கடலூர், நாகை வட்டாரத்தில் எல்லோர் கையிலும் ஒரே படம்தான். முன்பெல்லாம் மொட்டைமாடியில் ஏறி, மேகம் எந்தத் திசையில் கறுக்கிறது என்று பார்ப்போம். இப்போது கைபேசியில் ராடார் படத்தைப் பார்க்கிறோம். வங்கக் கடலிலிருந்து பச்சையும் மஞ்சளும் சிவப்புமாய் நகர்ந்துவரும் திட்டுகளைக் கண்டு, "இன்னும் அரை மணியில் நம்ம பக்கம் வந்துடும், துணியை எடு" என்று குரல் கொடுக்கிறார்கள். கொள்முதல் நிலைய வாசலில் குறுவை நெல்லைக் குவித்துவைத்துக் காத்திருக்கும் விவசாயிக்கு அந்தப் படம் வேடிக்கை அல்ல. தார்ப்பாயை எப்போது இழுத்து மூட வேண்டும் என்பதை அவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

சென்னைத் துறைமுகத்தின் உயரமான கட்டடத்தில் இருக்கும் ராடார் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள நுண்ணலைகளை அனுப்புகிறது. பள்ளிக்கரணையில், தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில் 2022இல் பயன்பாட்டுக்கு வந்த ராடார் இஸ்ரோ வடிவமைத்தது. அதன் அலைநீளம் 3 சென்டிமீட்டர். எந்த ராடாரானாலும் செய்வது இரண்டே வேலைதான். ஒன்று, உரக்கக் கூப்பிடுவது. மற்றொன்று, பதில் குரலைக் கேட்பது. கூப்பிடும் கணத்தில் அதன் குரல் லட்சக்கணக்கான வாட் வரை போகும். மழைத்துளியில் பட்டுத் திரும்பும் எதிரொலியோ, ஒரு வாட்டைக் கோடியால் வகுத்து, கிடைத்ததை மறுபடியும் கோடியால் வகுத்தால் வரும் அளவுக்கு மெலிந்திருக்கும். இடியைப் போல முழங்கவும் வேண்டும், எறும்பு ஊரும் ஓசையைக் கேட்கவும் வேண்டும். நுண்ணலைப் பொறியியலின் நூறாண்டுப் பாடு இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். இரண்டு வேலைகளையும் இன்று குறைகடத்திகள் ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டன.

கடந்த சில ஆண்டுகளாக நம் நாட்டில் குறைகடத்தி என்றாலே இரண்டு எண்கள்தாம் பேசப்படுகின்றன: எத்தனை கோடி, எத்தனை நானோமீட்டர். 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. குஜராத்தின் தோலேராவில் டாடாவும் தைவானின் பிஎஸ்எம்சியும் 91,000 கோடி ரூபாயில் ஆலை எழுப்பும் பணியில் இறங்கியிருக்கின்றன. இவற்றை மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆனால், நுண்ணலைக் கருவிகளின் உலகில் நானோமீட்டர் பந்தயம் அவ்வளவு முக்கியமில்லை. கைபேசிச் செயலிகள் 3 நானோமீட்டரை எட்டிய இந்தக் காலத்திலும் நல்ல ராடார் டிரான்சிஸ்டர் ஒன்றுக்கு 150 அல்லது 250 நானோமீட்டர் போதும். அங்கே வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை பொருளின் தூய்மையும் படிகத்தை வளர்ப்பவரின் கைப்பக்குவமும். பத்து, இருபது ஆண்டுகள் ஒரே படிக உலைக்கு முன்னால் நிற்கும் ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்களா? அவர்களை உருவாக்கவும் தக்கவைக்கவும் நாம் என்ன செய்கிறோம்? கட்டடத்துக்குப் பூமிபூஜை போடும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

தகரக் கொல்லரும் பேராசிரியரும்

நுண்ணலையும் குறைகடத்தியும் முதன்முதலில் ஒரே மேசையில் சந்தித்தது கல்கத்தாவில்தான். 1890களின் நடுவில், மாநிலக் கல்லூரியின் சிறிய அறையில் ஜகதீஷ் சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் அலைநீளம் வரை குறுகிய அலைகளை உண்டாக்கினார். இன்றைய கணக்கில் அது 60 கிகாஹெர்ட்ஸ். பெரும்பாலானோர் அதைவிட நீண்ட அலைகளோடு மல்லுக்கட்டிய காலம் அது. குழாய் வழியே அலையைச் செலுத்துவது, கொம்பு வடிவ ஆன்டெனா, அலையின் அதிர்வுத் திசையைப் பிரித்தறிவது என இன்று பொறியியல் மாணவர் ஒரு பருவம் முழுக்கப் படிப்பவை அந்த அறையில் கருவிகளாக இருந்தன. முறுக்கிய சணல் இழைகளைக் கொண்டு அலையின் அதிர்வுத் திசையைத் திருப்பிக் காட்டினார். ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே ஈயத்தாளைச் செருகி, அதையே ஒரு வடிகட்டியாகப் பயன்படுத்தினார். வந்து சேரும் அலையை உணர அவர் கையாண்டது கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகம். அதற்காக 1901இல் விண்ணப்பித்து 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். குறைகடத்திக் கருவி ஒன்றுக்கு வழங்கப்பட்ட முதல் காப்புரிமை என்று அதைச் சொல்வார்கள்.

இந்தக் கதையைப் பெருமைக்காகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் வேறொருவர்தான் கண்ணில் படுகிறார். போஸின் கருவிகளைச் செய்துகொடுத்தவர் பள்ளிக்கூடப் படிப்பில்லாத ஓர் உள்ளூர்த் தகரக் கொல்லர். மில்லிமீட்டர் அலைக்கான குழாயில் ஓரம் கொஞ்சம் பிசகினால் போதும், அலை உள்ளேயே முட்டித் திரும்பிவிடும். அந்தப் பிசகில்லாத வேலையைச் செய்த கைகளின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. போஸ் சில ஆண்டுகளில் தாவரங்களின் உணர்வை ஆராயப் போனார், காப்புரிமையும் காலாவதியானது. பேராசிரியர் வேறு துறைக்குப் போனபின் அந்தக் கொல்லரின் பட்டறையைத் தொடர்ந்து நடத்த ஒரு தொழில் இங்கே இருக்கவில்லை. அடிமை நாட்டில் அது எங்கிருந்து வரும்! போஸ் கையாண்ட அதே வகைப் படிக உணரி, இரண்டாம் உலகப் போரில் சிலிக்கான், ஜெர்மேனியம் வடிவில் ராடார்களுக்குள் திரும்பி வந்தது. அந்தப் படிகங்களைத் தூய்மையாக்கும் போர்க்கால உழைப்பிலிருந்துதான் 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது.

கிசுகிசுப்பைக் கேட்ட கருவி

டிரான்சிஸ்டருக்குள் மின்சாரம் ஓட எலக்ட்ரான்கள் வேண்டும். எலக்ட்ரான்களைத் தருவதற்கென்றே படிகத்தில் வேற்று அணுக்களைக் கலப்பார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. எலக்ட்ரானைத் தந்துவிட்ட அணு, ஓடும் வழியிலேயே நின்று மற்ற எலக்ட்ரான்களைத் தடுக்கிவிடும். வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று வாய்க்காலின் நடுவிலேயே பாறையைப் போட்டது போல. எலக்ட்ரான் தடுக்கி விழும் ஒவ்வொரு முறையும் கருவிக்குள் இரைச்சல் கூடும். மெல்லிய சமிக்ஞை அதில் அமுங்கிப்போகும்.

1979இல் ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனத்தில் தகாஷி மிமுரா இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு வெவ்வேறு படிகங்களை அணு அணுவாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மேல் அடுக்கில் மட்டும் கலப்பு. கீழே கலப்பே இல்லாத தூய காலியம் ஆர்சனைடு. மேலிருந்து விடுபட்ட எலக்ட்ரான்கள் தாழ்வான கீழ் அடுக்குக்கு இறங்கி, அங்கே தடையின்றி ஓடின. மதகு கரையிலேயே இருந்துவிட, தண்ணீர் மட்டும் தெளிந்த வாய்க்காலில் ஓடியது. இதற்கு 'உயர் எலக்ட்ரான் இயக்க டிரான்சிஸ்டர்' என்று பெயர். துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக 'ஹெம்ட்' என்பார்கள்.

பிறந்த புதிதில் அதை வாங்க ஆளில்லை. முதலில் அதைக் கேட்டு வாங்கியவர்கள் வானியலாளர்கள். 1985இல் ஜப்பானின் நோபயாமா வானொலித் தொலைநோக்கியில் ஹெம்ட் பெருக்கியைக் கடுங்குளிரில் வைத்துப் பொருத்தினார்கள். விண்மீன்களுக்கிடையே மிதக்கும் புதிய மூலக்கூறுகளைக் கண்டறிய அது உதவியது. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. பெருக்கியின் இரைச்சல் குறைந்ததால், பெரிய வட்டிலுக்குப் பதிலாகச் சின்ன வட்டில் போதுமென்று ஆனது. நம் வீட்டுக் கூரையில் டிஷ் மாட்ட வரும் இளைஞர், கம்பியின் நுனியில் இருக்கும் சின்னப் பெட்டியைக் காட்டி 'எல்.என்.பி. போயிடுச்சு சார்' என்பார். மிமுராவின் அந்தத் தெளிந்த வாய்க்கால் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் கிசுகிசுப்பைக் கேட்டு, நம் கூடத்துக்குப் படமாக அனுப்புகிறது.

வானொலித் தொலைநோக்கி என்றதும் உதகையை விட்டுவிட்டுப் போக முடியாது. முத்தோரையில் 1970இல் இயங்கத் தொடங்கிய அந்தக் கருவி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் வடக்கு தெற்காகக் கிடக்கிறது. அந்த ஊரின் அட்சரேகையும் அதே 11 பாகை. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினாலே போதும், ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். மலையைக் கருவியின் ஓர் உறுப்பாகவே ஆக்கிய அந்த யோசனை வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்புடையது. அதன் அலைவரிசை 326.5 மெகாஹெர்ட்ஸ்; அது நுண்ணலையின் கீழ் எல்லையை ஒட்டியது. ஆனால், அங்கே கற்ற பாடம் ஒன்றுதான். அதன் குவியக் கோட்டில் வரிசையாக நிற்கும் 1,056 ஆன்டெனாக்களுக்கும் பின்னாளில் தனித்தனியே இரைச்சல் குறைந்த பெருக்கிகளைப் பொருத்தி, அதன் கூர்மையைக் கூட்டினார்கள். உதகையில் கை பழகியவர்கள் புனேக்கு அருகே, தலா 45 மீட்டர் அகலத்தில் 30 வட்டில்களோடு மீட்டர் அலைத் தொலைநோக்கியை எழுப்பினார்கள். உலகமே அதைப் பயன்படுத்துகிறது. ஒரே குழு, ஒரே கைவினை, முப்பது ஆண்டுத் தொடர்ச்சி. போஸுக்குக் கிடைக்காமல் போனது ஸ்வரூப்புக்குக் கிடைத்தது. அந்த வேறுபாட்டைக் கொண்டுவந்தது சுதந்திர நாடும், கேள்வி கேட்காமல் காத்திருந்த ஒரு நிறுவனமும்.

உரக்கக் கூப்பிடுவதற்கு ஒரு பொருள்

கேட்பதைக் குறைகடத்தி எப்போதோ வென்றுவிட்டது. கூப்பிடுவதுதான் கடினமாக இருந்தது. 1940 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் செய்த மேக்னட்ரான் குழல்தான் சென்டிமீட்டர் அலைகளுக்கு முதன்முதலில் பெருங்குரல் கொடுத்தது. நம் வீட்டு மைக்ரோவேவ் அடுப்புக்குள் இன்றும் அதன் வாரிசுதான் ரீங்கரிக்கிறது. வானிலை ராடார்களிலும் மேக்னட்ரான், கிளைஸ்ட்ரான் என்னும் வெற்றிடக் குழல்களே பல பத்தாண்டுகள் கோலோச்சின. குழலுக்கு ஆயுள் உண்டு. அது ஓயும் நாளில் ராடார் முழுதாகக் கண்ணை மூடிக்கொள்ளும். அந்த நாள் புயல் நாளாக இருந்தால் என்ன ஆகும் என்று கரையோரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குழலுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான சிறு டிரான்சிஸ்டர்களைச் சேர்ந்தாற்போல் பாட வைத்தால்? நான்கைந்து பழுதானாலும் குரல் சற்றுக் கம்முமே ஒழிய நிற்காது. ஆனால், சிலிக்கானால் அது முடியவில்லை. மின்னழுத்தத்தைக் கூட்டினால் படிகம் உடைந்துபோகும். காலியம் ஆர்சனைடு கொஞ்சம் மேல். உண்மையான விடை காலியம் நைட்ரைடு. எலக்ட்ரானைப் பிணைப்பிலிருந்து விடுவிக்கச் சிலிக்கானில் 1.1 எலக்ட்ரான் வோல்ட் போதும்; இதில் 3.4 வேண்டும். அவ்வளவு இறுகிய படிகம் என்பதால் சிலிக்கானைப் போலப் பத்து மடங்கு மின்புலத்தைத் தாங்கும். அதோடு, படிகத்தின் இயல்பான சமச்சீரின்மையே எலக்ட்ரான்களை அடுக்குகளின் எல்லைக்கோட்டுக்கு இழுத்துவந்து குவித்துவிடும். மிமுராவுக்குத் தேவைப்பட்ட கலப்பு அணுக்கள்கூட வேண்டியதில்லை. மதகே இல்லாமல் ஊறிவரும் வாய்க்கால்!

இப்படிப்பட்ட பொருளை ஏன் முதலிலேயே எடுக்கவில்லை? யாராலும் அதை நல்ல படிகமாக வளர்க்க முடியவில்லை, அதுதான் காரணம். 1970களில் பெரிய ஆய்வகங்கள் பலவும் கைவிட்டுவிட்டன. நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாகி விடாமல் இருந்தார். அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோ 1,500 முறைக்கும் மேல் முயன்றும் விரிசலும் மங்கலுமாகத்தான் கிடைத்தது. ஒருநாள் உலை கோளாறாகி, வேண்டிய வெப்பத்தை எட்டவில்லை. குறைந்த வெப்பத்திலேயே அலுமினியம் நைட்ரைடை மெல்லிய அடுக்காகப் படியவிட்டு, பிறகு உலை சரியானதும் அதன்மேல் காலியம் நைட்ரைடை வளர்த்தார். கண்ணாடி போலத் தெளிந்த படிகம் வந்தது. தற்செயல் என்று சொல்லிவிடலாம். ஆனால், 1,500 முறை உலையைத் திறந்து மூடியவருக்குத்தான் அந்தத் தற்செயல் கிடைக்கும்.

ஷிகோகு தீவில், அனான் என்னும் சிற்றூரில் இருந்த நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா செய்தது இன்னும் எனக்குப் பிடித்தமானது. காலையில் உலைக் குழாய்களை வெட்டி, பற்றவைத்து, மாற்றியமைப்பார். மதியம் படிகம் வளர்ப்பார். மறுநாள் காலை மறுபடியும் பற்றவைப்பு. வாயுவை இரண்டு திசைகளில் செலுத்தும் உலையை அவரே வடிவமைத்தார். 1993இல் பளீரென்று ஒளிரும் நீல எல்இடி வந்தது. மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு. இயற்பியல் நோபல் பெற்றவர் ஒருவர் பல்லாண்டு பற்றவைப்பு வேலை பார்த்தார் என்பதை நம் பொறியியல் கல்லூரிகளின் சுவரில் எழுதிவைக்க வேண்டும்.

நீல விளக்குக்காகப் பழகிய அதே படிகம்தான் அதே 1993இல் ஆசிஃப் கான் குழுவினரின் கையில் அமெரிக்காவில் முதல் காலியம் நைட்ரைடு ஹெம்ட் ஆனது. கான்பூர் ஐஐடியில் படித்த உமேஷ் மிஸ்ரா கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் அதை வல்லமையுள்ள நுண்ணலைக் கருவியாக வளர்த்தெடுத்தவர்களில் முன்னவர். இன்று 5ஜி கோபுரங்களிலும் போர் விமானங்களின் ராடார்களிலும் அது குரல் கொடுக்கிறது.

இதில் இன்னும் தீராத சிக்கல் வெப்பம். நகத்தின் நுனியளவு இடத்தில் பத்துக்கணக்கான வாட் உருவாகும்போது அதை உடனே கடத்தி வெளியேற்ற வேண்டும். அதனால் காலியம் நைட்ரைடைச் சிலிக்கான் கார்பைடு தகட்டின் மீது வளர்க்கிறார்கள். அது சிலிக்கானைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தைக் கடத்தும். அந்தத் தகட்டை உருவாக்குவது தனித் தவம். 2,000 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில், தூளை ஆவியாக்கி, விதைப் படிகத்தின்மேல் நாள்கணக்கில் படியவிட வேண்டும். உலைக்குள் எட்டிப்பார்க்க முடியாது. நடுவில் ஏதேனும் பிசகினால் வாரம் முழுக்கப் பட்ட பாடு வீண். பாதுகாப்புத் துறைக்குப் பயன்படுவது என்பதால், இந்த ரகத் தகட்டையும் கருவியையும் காசு கொடுத்தாலும் எல்லா நாடுகளும் தந்துவிடுவதில்லை.

நாம் எங்கே இருக்கிறோம்? சூனியத்தில் இல்லை. டெல்லியில் உள்ள திடநிலை இயற்பியல் ஆய்வகம் 4 அங்குலச் சிலிக்கான் கார்பைடு தகடுகளையும், 150 வாட் வரையிலான காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களையும், 40 வாட் வரையிலான நுண்ணலைச் சுற்றுகளையும் சொந்தமாக உருவாக்கியிருப்பதாக 2024 நவம்பரில் டிஆர்டிஓ அறிவித்தது. ஹைதராபாத்தில் உள்ள கேடெக் ஆலையில் அவை சிறிய அளவில் உற்பத்தியாகின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏறத்தாழ 300 கோடி ரூபாயில் காலியம் நைட்ரைடு மையம் வந்திருக்கிறது. அங்கிருந்து அக்னிட் என்ற இளம் நிறுவனமும் கிளம்பியிருக்கிறது. சிலிக்கான் பக்கம், சென்னை ஐஐடியின் சக்தி வரிசைச் செயலிகள் மொகாலி ஆலையில் 180 நானோமீட்டரில் உருவாகின்றன. தோலேராவின் 91,000 கோடிக்கு முன்னால் 300 கோடி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்நூற்றில் ஒரு பங்கு.

மேட்டூரில் கிடைத்த உலோகம்

இந்தக் கருவிகளுக்கெல்லாம் மூலம் காலியம். 30 டிகிரிக்குச் சற்று முன்பே உருகிவிடும் விசித்திர உலோகம் அது. நம்மூர்ச் சித்திரையில் மேசைமேல் வைத்தால் தண்ணீராய் ஓடும். காலியத்துக்கென்று தனிச் சுரங்கம் கிடையாது. பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும்போது, காரக் கரைசலில் மிகச் சிறிய அளவில் கரைந்து நிற்கும். அதைப் பிரித்தெடுக்க மெனக்கெட்டால் கிடைக்கும். இல்லாவிட்டால் கழிவோடு போகும். உலகின் முதல்நிலைக் காலியத்தில் ஏறத்தாழ 98 விழுக்காட்டை இன்று சீனா உற்பத்தி செய்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் அதன் ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும் என்றது. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு விற்பதையே நிறுத்தி, ஏறத்தாழ ஓராண்டு கழித்துத்தான் தளர்த்தியது. ஆண்டுக்குச் சில நூறு டன் மட்டுமே உருவாகும் ஓர் உலோகத்தை வைத்து ஒரு நாடு இன்னொரு நாட்டின் ராடார்களை அச்சுறுத்த முடிந்தது.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மேட்டூர் நினைவுக்கு வந்தது. சேர்வராயன், கொல்லி மலைகளில் வெட்டிய பாக்சைட்டை வைத்து 1960களின் நடுவிலிருந்து இயங்கிய மால்கோ அலுமினிய ஆலையில் ஒரு காலத்தில் காலியமும் எடுக்கப்பட்டது. இந்தியாவில் முன்பு காலியம் பிரித்த ஆலைகள் என்று இந்தியச் சுரங்கத் துறையின் ஆண்டேடு இரண்டைச் சொல்லும்: உத்தரப் பிரதேசத்தின் ரேணுகூட், நம் மேட்டூர். அன்றைக்கு அதற்குப் பெரிய சந்தை இல்லை. விட்டுவிட்டார்கள். 2008 வாக்கில் ஆலையே நின்றுபோனது. மலைகள் பட்ட காயத்தையும், சூழலியல் காரணங்களையும் அறிந்தவன் என்பதால், அந்தச் சுரங்கங்களை மறுபடி திறக்கச் சொல்ல மாட்டேன். ஆனால், காரக் கரைசலிலிருந்து காலியத்தைப் பிரிக்கப் பழகியிருந்த வேதியியலாளர்களும் தொழிலாளர்களும் எங்கே போனார்கள்? அந்தக் கைப்பக்குவத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்திருந்தால், ஒடிசாவின் தாமன்ஜோடியிலும் ரேணுகூட்டிலும் இன்று ஓடிக்கொண்டிருக்கும் அலுமினா ஆலைகளில் அது எப்போதோ பயனுக்கு வந்திருக்கும். நிலத்தைத் தோண்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே ஓடும் கரைசலில் இருக்கிறது.

காசு எங்கே, ஆள் எங்கே

காலியம் நைட்ரைடு என்றதும், அதைப் பயன்படுத்தும் கைபேசி சார்ஜருக்கு ஆலை தொடங்கலாம் என்று கிளம்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. சிலிக்கான் கார்பைடில் உலகின் முன்னோடியான அமெரிக்காவின் வுல்ஃப்ஸ்பீட் 2025 ஜூனில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அடுத்த மாதமே தைவானின் டிஎஸ்எம்சி, காலியம் நைட்ரைடு உற்பத்தியிலிருந்து 2027க்குள் விலகப்போவதாகச் சொன்னது. மின்திறன் சிப் சந்தையில் சீன ஆலைகளின் விலையோடு போட்டி போடுவது அவ்வளவு கடினம். எனவே நாம் இறங்க வேண்டிய இடம் சார்ஜர் அல்ல என்பது என் தீர்மானமான கருத்து. நுண்ணலைதான். அங்கே வாங்குபவர் அரசே. வானிலைத் துறைக்கு ராடார் வேண்டும். 2024இல் ஒப்புதல் பெற்ற 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இஸ்ரோவுக்குச் செயற்கைக்கோள் பெருக்கிகள் வேண்டும். படைகளுக்கு வேண்டும். தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்கு வேண்டும். வாங்கும் ராடார்களில் ஒரு பகுதியாவது உள்நாட்டுத் திடநிலைப் பெருக்கிகளோடு இருக்க வேண்டும் என்று ஒப்பந்தப் புள்ளியில் ஒரு நிபந்தனை சேர்த்தால், ஹைதராபாத், பெங்களூரு உலைகளுக்குப் பத்தாண்டு வேலை உறுதியாகும். மானியத்தைவிட அந்த உறுதிதான் ஆய்வாளரை உலைக்கு முன்னால் நிறுத்தும்.

இன்னொன்று, ஆட்கள். நம் ஆய்வுத் திட்டங்கள் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று ஓடுகின்றன. படிக உலையில் ஓர் இளைஞர் கைப்பக்குவம் பெறவே மூன்று ஆண்டு ஆகும். பழகி முடிக்கும்போது திட்டம் முடியும். அவர் மென்பொருள் வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போவார். அடுத்த திட்டத்துக்குப் புதியவர் வந்து முதலிலிருந்து தொடங்குவார். பேராசிரியருக்கு நிரந்தரப் பதவி உண்டு. உலையை ஓட்டுபவருக்கு இல்லை. தொழில்நுட்ப உதவியாளர் என்ற பதவியை நாம் எடுபிடி வேலையாக நினைக்கும்வரை நல்ல படிகம் வராது. பேராசிரியருக்கு இணையான ஊதியமும் மரியாதையும் உள்ள நிரந்தரப் பணியாக அதை மாற்ற வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடி வேலை இருக்கிறது. 2025இல் மாநில அரசு 500 கோடி ரூபாயில் குறைகடத்தி இயக்கத்தை அறிவித்தது. சூலூரிலும் பல்லடத்திலும் குறைகடத்தி இயந்திரப் பூங்காக்கள் என்றது. எனக்கு இது சரியான திசை என்று படுகிறது. பம்பும் மோட்டாரும் விசைத்தறி உதிரிபாகமும் செய்து பழகிய கோவைப் பட்டறைகளுக்கு வெற்றிடக் கலனும், வாயுக் குழாய் இணைப்பும், உலைச் சட்டகமும் எட்டாத பொருள்கள் அல்ல. நகமுரா காலையில் செய்த வேலை அதுதான். சிங்காநல்லூரிலும் கணபதியிலும் பற்றவைப்புத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எத்தனை தூய்மையாகப் பற்றவைக்க வேண்டும் என்று கற்றுத்தரும் ஒருவரையும், முதல் கொள்முதலையும் அரசு கொடுக்க வேண்டும்.

கல்லூரிகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்த கல்லூரியில் நுண்ணலை ஆய்வகம் என்று ஓர் அறை இருந்தது. நீண்ட மேசையில் கிளைஸ்ட்ரான், தணிப்பான், அலைமானி, பித்தளை அலைக்குழாய் எல்லாம் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். விலை உயர்ந்தது என்று தொட விட மாட்டார்கள். சீனியர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவீடுகளை எழுதி மதிப்பெண் வாங்கினோம். ஒரு மாலை, ஆய்வக உதவியாளர் எங்கள் மூவரை மட்டும் உள்ளே விட்டார். குழாயில் வெட்டியிருந்த நீளத் துளையில் உணரியை மெதுவாக நகர்த்தச் சொன்னார். மானியின் முள் ஏறியது, இறங்கியது. ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டருக்கு ஒருமுறை மறுபடி ஏறி இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஓர் அலை அந்தக் குழாய்க்குள் அப்படியே நிற்பதை விரலால் உணர்ந்தேன். நான்கு ஆண்டுகளில் நான் கற்ற மின்காந்தவியல் அந்தக் கால் மணி நேரம்தான்.

தமிழ்நாட்டில் இன்று 400க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் கலந்தாய்வில் பங்கேற்கின்றன. கணினி அறிவியல் இடங்கள் பெருகிக்கொண்டே போக, பல இடங்களில் நுண்ணலை மேசையில் தூசு படிகிறது. பெரிய செலவு ஒன்றும் இல்லை. சில கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் கையடக்கக் கருவிகள் இப்போது பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. கூரைமேல் கழற்றிப் போட்ட டிஷ்ஷையும் எல்.என்.பி.யையும் வைத்து மாணவர்கள் சூரியனின் நுண்ணலையை அளக்கலாம். ஒரு வார இறுதி வேலைதான்.

கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. நுண்ணலை ஆய்வகத்தின் சாவியை உதவியாளரிடமே கொடுத்துவிடுங்கள். வகுப்பு முடிந்த பிறகு, மாலை ஆறு மணி வரையாவது அந்த அறை திறந்திருக்கட்டும். மாணவர்கள் தொடட்டும். ஒன்றிரண்டு கருவிகள் உடைந்தால் உடையட்டும்.